கந்தையிலிருந்து கலை வரை: பழந்துணியால் வீட்டை அழகுபடுத்திய வரலாறு

முன்னுரை

பழைய பொருள்களைக் கொண்டு குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்துவது இன்று பலருக்கும் பொழுதுபோக்காக இருக்கிறது. பழைய புடவையில் திரைச்சீலை, கிழிந்த ஜீன்ஸில் மெத்தை உறை, உடைந்த வளையலில் தோரணம் என்று செய்முறைப் படங்கள் நாள்தோறும் வருகின்றன. இவற்றைப் பார்ப்பவர்கள் இது அண்மையில் தோன்றிய புதுமை என்று எண்ணக்கூடும். ஆனால் இதற்குப் பல நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெரும்பகுதியை எழுதியவர்கள் ஏழை வீட்டுப் பெண்கள். அவர்கள் எழுத்தால் எழுதவில்லை. ஊசியாலும் நூலாலும் எழுதினார்கள்.

வீட்டில் மறுபயன் பெற்ற பொருள்களுள் மரம், காகிதம், மட்பாண்டம், கண்ணாடி எனப் பல இருந்தாலும் துணிக்கே முதலிடம். ஆலைகள் தோன்றுவதற்கு முன் துணி விலையுயர்ந்த பொருள். பருத்தியை விளைவித்து, கொட்டை நீக்கி, நூற்று, சாயமேற்றி, நெய்து முடிப்பதற்குள் பலருடைய பல நாள் உழைப்பு அதில் சேர்ந்துவிடும். ஆகவே ஒரு துணி கிழிந்தால் அதைத் தூக்கி எறிவது நினைத்துப் பார்க்க முடியாத செயலாக இருந்தது. இக்கட்டுரை வங்காளம், ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன், தமிழகம் ஆகிய ஐந்து இடங்களில் பழந்துணி எவ்வாறு வீட்டுப் பொருளாகவும் அலங்காரமாகவும் மாறியது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறது.

சொல்லின் வேர்

கிழிந்த துணியைத் தமிழில் கந்தை என்கிறோம். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியை அறியாத தமிழர் இலர். இச்சொல் 'கந்தா' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. ஒட்டுப்போட்டுத் தைத்த துணி, துறவிகள் போர்த்தும் ஒட்டுத்துணி என்பவை வடமொழியில் அதன் பொருள்கள். அதே சொல்லே வங்காளத்தில் புகழ்பெற்ற 'கந்தா' தையல் கலையின் பெயராக இன்றும் வழங்குகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் வறுமையின் அடையாளமாகவும் மற்றோரிடத்தில் கலையின் பெயராகவும் நிற்பது கருதத்தக்கது. இக்கட்டுரை சொல்ல வரும் செய்தியும் ஏறத்தாழ இதுவே.

வங்கத்துக் கந்தா

இன்றைய மேற்கு வங்காளமும் வங்காளதேசமும் சேர்ந்த நிலப்பகுதியில் கந்தா வளர்ந்தது. பலமுறை துவைத்து மென்மையான பழைய புடவைகளையும் வேட்டிகளையும் பெண்கள் தரையில் சுருக்கமின்றி விரிப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சில அடுக்குகளை வைத்து, விளிம்பைத் தைத்துப் பிடித்த பிறகு, உடல் முழுவதும் ஓட்டுத்தையல் போடுவார்கள். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் இந்தத் தையல்தான் தையல்களுள் மிக எளியது. ஆனால் அது நெருக்கமாக அமையும்போது துணியின் மேற்பரப்பில் சிற்றலை போன்ற சுருக்கம் தோன்றும். கந்தாவின் அழகுக்கு அந்த அலையே அடிப்படை.

வண்ண நூலை விலை கொடுத்து வாங்குவதும் வழக்கமில்லை. பழைய புடவைக் கரையிலிருந்தே சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவி எடுத்துப் பயன்படுத்தினார்கள். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலைகளிலும் மரம் அல்லது மாங்காய் வடிவம் என்பது பரவலான அமைப்பு. இடையில் மீன், படகு, யானை, பல்லக்கு, சமையற் பாத்திரம், சிலவேளை இரயில் வண்டி என்று தாங்கள் கண்ட உலகத்தைத் தைத்தார்கள்.

கந்தா என்பது ஒரே பொருளன்று. குளிர்காலப் போர்வைக்கு 'லேப்' என்றும், விருந்தினர் அமரும் விரிப்புக்கு 'சுஜனி' என்றும் பெயர். கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்கும் துணி 'ஆர்சிலதா'. தலையணை உறை 'ஓர்'. புத்தகங்களையும் மதிப்புள்ள பொருள்களையும் பொதிந்து வைக்கத் தனிக் கந்தா உண்டு. வீட்டில் மரச்சாமான்கள் அதிகம் இல்லாத காலத்தில் விரிப்பும் உறையும்தான் அறையின் அழகைத் தீர்மானித்தன என்பதை இதனால் அறியலாம். பழந்துணியில் செய்த விரிப்பு குழந்தையைக் கண்ணேறிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் அல்லாமல் பழைய வேட்டியிலோ புடவையிலோ கிடத்தும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். துணி பழகப் பழக மென்மையாகும் என்ற அனுபவ அறிவு இரண்டிலும் இருக்கிறது.

பெரும்பாலான கந்தாக்களைத் தைத்தவர் யார் என்று தெரியாது. அரிதாகச் சிலர் பெயரைத் தைத்து வைத்தார்கள். மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகச் செய்த கந்தா ஒன்று கொல்கத்தாவுக்கு அருகே ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தம் பெயரையும் தந்தைக்கு அளிக்கும் செய்தியையும் அவர் நூலால் பொறித்துள்ளார். அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பைத் திரட்டியவர் ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு அதிகாரியாகப் பணிபுரிந்த குருசதய் தத். கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் கந்தாவைப் பற்றி எழுதினார். அவர் சேகரித்த கந்தாக்கள் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. கவிஞர் ஜசிமுத்தீனின் 'நக்சி கந்தார் மாட்' என்ற கதைக் கவிதை 1929-இல் வெளிவந்து இக்கலையின் பெயரை இலக்கியத்திலும் நிலைநிறுத்தியது.

ஆலைத் துணியும் ஆயத்தப் போர்வையும் மலிவாகக் கிடைத்ததும், 1947-இன் பிரிவினையால் குடும்பங்கள் சிதறியதும் இக்கலையைத் தளரச் செய்தன. 1971-இல் வங்காளதேசம் பிறந்த பின் அங்கும், பிறகு மேற்கு வங்காளத்திலும் கிராமப் பெண்களின் வருவாய்க்காக அது மீட்கப்பட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் 'கந்தா வேலைப்பாட்டுப் புடவை' புதுப் பட்டில் தைக்கப்படுவது. தையல் பழையது, துணி புதியது. மறுபயன் என்ற வேர் அதில் இல்லை. ஆயினும் பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது.

ஜப்பானின் வடபகுதி

ஜப்பானின் முதன்மைத் தீவின் வடமுனையில் உள்ள அவோமோரி பகுதி கடுங்குளிர் நிலம். அங்கே பருத்தி விளையாது. உழவர்கள் சணல் வகை நாரில் நெய்த துணியையே உடுத்தினார்கள். அந்த நெசவின் இடைவெளிகளில் காற்று புகும். அதைத் தடுக்க, துணியின் மீது நூலால் நெருக்கமாகத் தைத்து இடைவெளிகளை அடைத்தார்கள். குளிரைத் தடுக்கப் போட்ட தையலே காலப்போக்கில் சாய்சதுரக் கோலங்களாக வளர்ந்து 'கோகின்' என்ற தனிக் கலையாயிற்று. துணிக்கு வலுவூட்டும் இத்தகைய தையலுக்குப் பொதுப்பெயர் 'சஷிகோ'.

தெற்கிலிருந்து வந்த வணிகக் கப்பல்கள் பெருநகரத்தார் உடுத்திக் கழித்த பருத்தித் துணிகளை வடக்கே கொண்டுவந்து விற்றன. வடக்கத்திய உழவர் வீட்டில் அந்தக் கழிவுத்துணி செல்வமாக மதிக்கப்பட்டது. சிறு துண்டையும் வீணாக்காமல் ஒட்டின்மேல் ஒட்டாகத் தைத்துப் போர்வையும் படுக்கையும் செய்தார்கள். ஒரே போர்வையில் பல தலைமுறையினரின் ஒட்டுக்கள் இருக்கும். இவ்வகைத் துணிக்குப் 'போரோ' என்று பெயர். கந்தல் என்பதே அதன் பொருள். ஒட்டுப்போடவும் உதவாத துணியை நாடாவாகக் கிழித்து, ஊடுநூலாக வைத்து மீண்டும் நெய்யும் முறையும் இருந்தது. 'சகிஓரி' எனப்படும் இந்தத் தடித்த துணி, குளிர்காலத்தில் குடும்பத்தினர் சுற்றி அமரும் கணப்பு மேசையின் மேல்விரிப்பாகப் பயன்பட்டது. வீட்டின் நடுவிடத்தில் எல்லோரும் பார்க்க விரிப்பது என்பதால் அதில் வண்ண வரிகளைத் திட்டமிட்டு அமைத்தார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாடு வளம் பெற்றபோது போரோ துணி வறுமையை நினைவூட்டியது. பலர் அதை வெட்கத்தோடு மறைத்தார்கள், எரித்தவர்களும் உண்டு. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் தனகா சூசபுரோ, கிராமம் கிராமமாகச் சென்று அவற்றைச் சேகரித்தார். அவருடைய தொகுப்பைக் கொண்டு டோக்கியோவின் அசகுசா பகுதியில் 2009 முதல் 2019 வரை ஓர் அருங்காட்சியகம் இயங்கியது. இன்று உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் போரோவின் தோற்றத்தைப் போலச் செய்து விற்கின்றன.

அமெரிக்காவின் மாவுச் சாக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் மாவும் தானியமும் மரப்பீப்பாய்களில் விற்கப்பட்டன. தையல் இயந்திரம் பரவியபின் கிழியாத தையலோடு பருத்திச் சாக்கு செய்வது எளிதாயிற்று. சாக்கு வீட்டுக்கு வந்ததும் இல்லத்தரசிகள் தையலைப் பிரித்துத் துணியை எடுத்துக்கொண்டார்கள். பிரித்த நூலையும் பந்தாகச் சுற்றி வைத்துப் பின்னல் வேலைக்குப் பயன்படுத்தினார்கள். 100 பவுண்டுத் தீவனச் சாக்கைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமான துணி கிடைக்கும்.

இதைக் கவனித்த வணிகர்கள் சாக்கையே விற்பனைக் கருவியாக்கினார்கள். 1924-இல் ஏசா பேல்ஸ் என்பவர், காலியான பிறகு ஆடை தைக்க ஏற்ற வண்ணக் கட்டத் துணியில் சாக்கு செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். செயின்ட் லூயிஸ் நகரின் ஜார்ஜ் பிளான்ட் மாவு ஆலை 'கிங்ஹாம் கேர்ள்' என்ற பெயரில் அத்தகைய சாக்கில் மாவை விற்றது. 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தின்போது இவ்வழக்கம் நாட்டுப்புறம் எங்கும் பரவியது. பூப்போட்ட சாக்குகள் வந்தன. நிறுவனத்தின் பெயரைத் துவைத்தால் போகும் மையில் அச்சிட்டார்கள். சாக்கில் திரைச்சீலை, தலையணை உறை, மேசைவிரிப்பு, சமையலறைத் துண்டு தைப்பது எப்படி என்று விளக்கும் கையேடுகளைப் பை உற்பத்தியாளர் சங்கமே வெளியிட்டது. தீவனம் வாங்கக் கடைக்குப் போகும் கணவரிடம், வீட்டில் இருக்கும் துணியோடு பொருந்தும் பூவைப் பார்த்து எடுத்து வரும்படி மனைவி சொல்லி அனுப்புவது வழக்கமாயிற்று. 1950-களில் காகிதப் பை மலிவானதும் துணிச்சாக்கு மறைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கத்திலும் ஜப்பானிலும் மறுபயன் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அமெரிக்காவில்தான் அது வணிகத்தின் கணக்கில் சேர்ந்தது. பெண்களின் சிக்கன அறிவைக் கண்டு நிறுவனங்கள் தம் பொருளை மாற்றியமைத்தன.

கீஸ் பெண்ட் பெண்கள்

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா ஆறு வளைந்து செல்லும் இடத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். அவ்வூர்ப் பெண்கள் தேய்ந்த வேலை உடைகளையும் தீவனச் சாக்குகளையும் வெட்டிப் போர்வைகள் தைத்தார்கள். காற்றுப் புகும் மரவீட்டில் குளிரைத் தாங்க அவை வேண்டியிருந்தன. பழைய கால்சட்டையின் முழங்காலில் வெளுத்த பகுதி, பையைப் பிரித்த இடத்தில் வெளுக்காமல் எஞ்சிய கருநீலம் ஆகியவற்றையே வண்ண வேறுபாடுகளாகக் கொண்டு அவர்கள் வடிவங்களை அமைத்தார்கள்.

1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி தம் கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் அந்த அன்பைப் போர்த்திக்கொள்ளவும் அதைச் செய்ததாக அவர் மகள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

குடியுரிமைப் போராட்டக் காலத்தில், 1966-இல், அப்பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கிப் போர்வைகளை விற்றார்கள். 2002-இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் கீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை இடம்பெற்று நவீன ஓவியங்களுக்கு இணையாகப் பேசப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலையாக வெளியிட்டது. மறு ஆண்டே, தங்கள் படைப்புகளாலும் வடிவங்களாலும் கிடைத்த வருவாயில் உரிய பங்கு வரவில்லை என்று அவ்வூர்ப் பெண்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அது 2008-இல் சமரசமாக முடிந்தது. ஆயினும் அந்த வழக்கு எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது. கந்தை கலையாகி விலை பெறும்போது அந்த விலை யாருக்குச் சேர வேண்டும்?

பிரிட்டனின் போர்க்காலம்

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் துணி ஆலைகளும் தொழிலாளர்களும் போர்ப்பணிக்குத் திருப்பப்பட்டனர். 1941 ஜூன் 1 அன்று ஆடைப் பங்கீடு தொடங்கியது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 சீட்டுகள் கிடைத்தன. ஒரு கம்பளி உடைக்கு மட்டும் 11 சீட்டுகள் வேண்டும். 1943-இல் அரசு 'மேக் டூ அண்ட் மென்ட்' என்ற கையேட்டை வெளியிட்டது. இருப்பதைக் கொண்டு ஒப்பேற்று, கிழிந்ததைத் தைத்துக்கொள் என்பது அதன் பொருள். நடுவில் தேய்ந்த படுக்கை விரிப்பை நெடுக இரண்டாக வெட்டி, தேயாத ஓரங்களை நடுவில் வைத்துச் சேர்த்துத் தைப்பது, பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து மறுபடி பின்னுவது, பெரியவர் உடையைக் குழந்தைக்கு வெட்டுவது முதலியவற்றை அது சொல்லிக்கொடுத்தது. 'திருமதி சியூ அண்ட் சியூ' என்ற பொம்மைப் பாத்திரம் விளம்பரங்களில் தோன்றியது. ஊர்தோறும் தையல் வகுப்புகள் நடந்தன. மரச்சாமான்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அரசு வகுத்த எளிய வடிவங்களில் செய்த 'யுடிலிட்டி' சாமான்கள் புதுமணத் தம்பதியருக்கும் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் மட்டுமே கிடைத்தன.

இந்த இயக்கத்தைப் பெருமையோடு நினைவுகூர்வோர் உண்டு. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அலமாரி நிறைய உடை வைத்திருந்தவர்களுக்கே மாற்றித் தைக்கப் பழந்துணி இருந்தது. ஏழைப் பெண்களுக்குக் கிழிந்ததைத் தைக்க அரசு கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் வாழ்நாளெல்லாம் அதையே செய்துவந்தார்கள். 1949 மார்ச்சில் ஆடைப் பங்கீடு முடிந்ததும் மக்கள் புதுத்துணியை ஆவலோடு நாடினார்கள். கட்டாயத்தால் வந்த சிக்கனம் கட்டாயம் நீங்கியதும் தளர்ந்துபோவது இயல்பு.

அதே போர்க்காலத்தில் இந்தியாவிலும் துணித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1943-இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. நம் முன்னோர் துணியைப் பொன்போலக் காத்ததற்கு இக்காலத்தின் நினைவும் ஒரு காரணம்.

தமிழ் வீடுகளில்

தமிழகத்தில் பழந்துணி மறுபயனுக்கு வங்கத்தைப்போல ஒரு தனிக் கலைப்பெயர் அமையவில்லை. ஆனால் வழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. ஒரு நூல்புடவையின் வாழ்க்கையைப் பாருங்கள். உடுத்திப் பழகியபின் அது குழந்தைக்குத் தூளியாகும். பிறகு இரண்டு மூன்றாக மடித்துத் தைத்த விரிப்பாகும். நல்ல பகுதி பெண் குழந்தையின் பாவாடையாகவோ தலையணை உறையாகவோ மாறும். எஞ்சியதை நாடாவாகக் கிழித்துச் சடைபோலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. அதுவும் முடிந்தால் அடுப்படியில் கரித்துணி. பழைய வேட்டி விளக்குத் திரியாகி எரிந்து முடியும். பட்டுப்புடவை நைந்தாலும் அதன் சரிகைக் கரை வாசலில் தொங்கும் அலங்காரமாகும். இத்தனைக்கும் பிறகு எஞ்சிய துணிகளைத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக்கொள்வார்கள்.

துணி மட்டுமன்று. பழைய தாள்களை ஊறவைத்து, ஊறிய வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் அரைத்து, கவிழ்த்த பானைமீது அப்பிக் காயவைத்துக் கூடை செய்வது பல ஊர்களில் இருந்த வழக்கம். வெந்தயத்தின் பசை தாளைப் பிணைக்கும். பூச்சியும் எளிதில் அண்டாது என்பார்கள். உடைந்த கண்ணாடி வளையலை விளக்குச் சுடரில் காட்டி வளைத்து, ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்கிக் கதவில் தொங்கவிட்டதை அறுபது வயதைக் கடந்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

நவராத்திரிக் கொலுவும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இன்று ஆயத்தப் படிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. முன்பு டிரங்குப் பெட்டி, மணை, பலகை, புத்தகக் கட்டு, கவிழ்த்த டின் ஆகியவற்றை அடுக்கி, மேலே வெளுத்த வேட்டியை விரித்தால் படிகள் அமைந்துவிடும். தாம்பாளத்தில் மண்ணிட்டுக் கேழ்வரகோ கடுகோ விதைத்தால் அதுவே வயல். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்தால் குளம். வீட்டிலுள்ள பொருள்களை ஒன்பது நாள் வேறொன்றாகப் பார்க்கக் குழந்தைகள் பயின்றார்கள்.

என் தாயார் தைத்த ஒட்டுப்போர்வை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவின் வேட்டி, அத்தையின் சுங்குடிப் புடவை, என் பள்ளிச் சீருடை ஆகியவை அதில் இருந்தன. வீடு மாறியபோது, பழையது என்று சொல்லி நானே அதை அப்புறப்படுத்தினேன். இக்கட்டுரைக்காக மேற்சொன்ன வரலாறுகளைப் படித்தபோதுதான் நான் எறிந்தது இன்னதென்று விளங்கியது. இதைப் படிக்கும் மாணவர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், அதைத் தைத்தவர் யார், எந்தத் துண்டு யாருடைய உடை என்று கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

'மேல்சுழற்சி' என்ற புதுப்பெயர்

இன்று ஆங்கிலத்தில் 'அப்சைக்ளிங்' என வழங்கும் சொல் 1994-இல் அச்சில் தோன்றியது. பழைய கட்டடப் பொருள்களைப் பற்றிய 'சால்வோ' என்ற பிரிட்டிஷ் இதழுக்கு அளித்த நேர்காணலில் ஜெர்மானியப் பொறியாளர் ரைனர் பில்ஸ் இதைப் பயன்படுத்தினார். நல்ல செங்கலையும் நொறுக்கித் தரைக்கு நிரப்புவதை மறுசுழற்சி என்கிறார்கள். அது பொருளின் மதிப்பைக் குறைக்கும் கீழ்ச்சுழற்சி, நமக்கு வேண்டியது மதிப்பைக் கூட்டும் மேல்சுழற்சி என்பது அவர் கருத்து. வில்லியம் மெக்டொனா, மைக்கேல் பிரவுன்கார்ட் ஆகியோர் 2002-இலும் 2013-இலும் எழுதிய நூல்கள் இவ்வகைச் சிந்தனையைப் பரப்பின.

பெயர் புதிது, செயல் பழையது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று பொருள் குறைவாகவும் நேரம் மிகுதியாகவும் இருந்தன. இன்று பொருள் மிகுதி, நேரம் குறைவு. அதனால் மறுபயன் அலங்காரத்துக்கென்றே புதுப் பசை, புதுச் சாயம், புது மணி என வாங்கிக் குவிப்போரும் உள்ளனர். ஒரு பழைய பாட்டிலை அலங்கரிக்க இருநூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் அது சிக்கனமும் ஆகாது, கழிவையும் குறைக்காது.

செய்து பார்க்க: இரு புடவையில் ஒரு விரிப்பு

வரலாற்றைக் கையாலும் கற்கலாம். பழைய நூல்புடவைகள் இரண்டு, ஒரு ஊசி, நூல் இருந்தால் போதும்.

1. புடவைகளை நன்கு துவைத்து உலர்த்தவும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடங்களைக் கண்டறியவும். கொசுவப் பகுதியும் கீழ்க்கரையும் பெரும்பாலும் அதிகம் தேய்ந்திருக்கும்.

2. ஒரு புடவையின் நீளம் ஏறத்தாழ 5.5 மீட்டர். அதை மூன்றாக மடித்தால் 1.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள மூன்று அடுக்குகள் கிடைக்கும். நைந்த பகுதி நடு அடுக்கில் வருமாறு மடிக்கவும்.

3. இரண்டாம் புடவையிலிருந்து அதே அளவில் ஒரு துண்டு வெட்டி மேலே விரிக்கவும். நல்ல கரையும் முந்தானையும் கண்ணுக்குத் தெரியும்படி அமையட்டும். எஞ்சிய பகுதியில் இரண்டு தலையணை உறைகள் தைக்கலாம்.

4. நான்கு விரற்கடை இடைவெளியில் பெரிய தையல் போட்டு அடுக்குகளை நிறுத்தவும். இது பின்னர் பிரித்துவிடுவதற்கு.

5. நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி, 2 சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டுத்தையல் போடவும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் சுருண்டு நிற்கும்.

6. விளிம்புகளை மடித்துத் தைத்து, பெரிய தையல்களை உருவி எடுக்கவும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. அகலம் 1.2 மீட்டர், 2 சென்டிமீட்டருக்கு ஒரு வரி என்றால் 60 வரிகள். ஒவ்வொரு வரியும் 1.8 மீட்டர். ஆக, ஊசி ஓடும் மொத்தத் தொலைவு 108 மீட்டர். ஒரு வரிக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 20 மணி நேர உழைப்பு. இதில் பூ வேலைப்பாடு எதுவும் சேரவில்லை. கைவினைக் கண்காட்சியில் இப்படி ஒரு விரிப்பின் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்போது இந்த 20 மணி நேரத்தை நினைவில் கொள்வது நல்லது.

முடிவுரை

இந்த வரலாறுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் வறுமையோ தட்டுப்பாடோ மறுபயனைக் கட்டாயமாக்குகிறது. கட்டாயத்தில் செய்யும் வேலையிலும் பெண்கள் அழகைச் சேர்க்கிறார்கள். வளம் வந்ததும் அதே பொருள் வெட்கத்துக்குரியதாகி வீசப்படுகிறது. அதன்பின் யாரோ சிலர் எஞ்சியதைச் சேகரிக்கிறார்கள். அது கலையாகப் போற்றப்பட்டு விலை பெறுகிறது. இதில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது செய்தவரின் பெயர். மானதாசுந்தரியும் மிசௌரி பெட்வேயும் விதிவிலக்குகள்.

மறுபயன் அலங்காரத்தின் பயன் பணம் மிச்சமாவது மட்டுமன்று. ஒரு பொருள் எப்படி உருவானது, அதில் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதைக் கை அறிகிறது. அப்படி அறிந்த கை எதையும் எளிதில் எறியாது. தைத்து முடித்ததும் விரிப்பின் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதுங்கள்.